கல்லறைக்கல்லில் தேய்ந்துபோன அந்த இரண்டு இலக்கங்கள்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் ஒஹாயோக்காரர். மாமனாருக்கு 85 வயது. அவருடைய கொள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தாராம், கேப்டனாம், ஷைலோ போரில் காயம்பட்டாராம், தெற்குத் தரப்பின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் கிடந்தாராம், பிறகு வடக்கின் ஜெனரல் ஷெர்மனோடு ஜார்ஜியா வழியாகக் கடல்வரை நடந்தாராம். வீட்டில் எல்லாரும் இப்படித்தான் சொல்லி வருகிறார்கள். இணையத்தில் தேடினால் அதே பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் வருகிறார்கள். யாரோ ஏற்றிவைத்த வம்சாவளியில் 1847-ல் பிறந்தவர் என்று இருக்கிறது. ஊர் இடுகாட்டில் கேடயம் செதுக்கிய வெள்ளைக்கல் ஒன்று நிற்கிறது. அதில் பெயர், 'கம்பெனி எஃப்', 1-இல் தொடங்கும் மூன்றிலக்க எண், 'ஓ.வி.ஐ.' என்ற எழுத்துகள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தேய்ந்துவிட்டன. "அவருடைய ராணுவப் பதிவை எங்கே வாங்குவது?" என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், மாமனார் இருக்கும்போதே இதெல்லாம் உண்மைதானா என்று தெரிந்தால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பதிவை வாங்குவது சுலபம். அத்தனை பேரில் உங்களவர் யார் என்று நிறுவுவதுதான் வேலை.

நான் ஒஹாயோவில் ஒரு பொது நூலகத்தின் குடும்ப வரலாற்றுப் பிரிவில் 19 வருடம் இருந்தவன். போர்த் தந்திரங்கள் என் துறை அல்ல. பழைய தாள்களில் ஒரு மனிதரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதுதான் நான் கற்றது. அதனால் எந்தக் குன்றில் எந்தப் படை நின்றது என்பதைவிட, எந்தத் தாள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

கல்லிலிருந்து தொடங்குவோம். உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்புள்ள சான்று அதுதான். வம்சாவளி மரத்தைவிட நூறு மடங்கு மேல். 'ஓ.வி.ஐ.' என்றால் ஒஹாயோ தன்னார்வக் காலாட்படை. 1-இல் தொடங்கும் மூன்றிலக்க எண் அவருடைய ரெஜிமென்டின், அதாவது படைப்பிரிவின் எண். 'கம்பெனி' என்பது அந்த ரெஜிமென்டுக்குள் ஒரு சிறு பிரிவு. ஒஹாயோவில் 100-உம் அதற்கு மேலும் எண் பெற்ற ரெஜிமென்டுகள், 1862 ஜூலையில் லிங்கன் மேலும் 3 லட்சம் பேர் வேண்டும் என்று அழைத்த பிறகு திரட்டப்பட்டவை. ஷைலோ போர் நடந்ததோ 1862 ஏப்ரல் 6, 7 தேதிகளில். ஆகவே கல்லில் உள்ள ரெஜிமென்டோடு அவர் ஷைலோவில் இருந்திருக்கவே முடியாது. இது உறுதி, மாமனாரிடம் தயங்காமல் சொல்லலாம். அதற்கு முன்பு வேறொரு ரெஜிமென்டில் இருந்து காயம்பட்டு வெளியேறி, மறுபடி சேர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம், அப்படிச் சேர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் 1847-ல் பிறந்தவர் என்பது சரியானால் ஷைலோவின்போது அவருக்கு 14 அல்லது 15 வயது. படையில் சேர 18 ஆகியிருக்க வேண்டும். பொய் வயது சொல்லிச் சேர்ந்த பையன்கள் உண்டு என்றாலும், 15 வயதில் ஷைலோ என்பதை ஆதாரமில்லாமல் நான் ஏற்க மாட்டேன்.

அந்த இரண்டு இலக்கங்கள் கிடைத்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். 100 முதல் 126 வரை பெரும்பாலும் 1862-ல் மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தவை. அவற்றில் 105, 113, 121 போன்றவை ஷெர்மனோடு ஜார்ஜியாவைக் கடந்து நடந்தவை. 127 என்றால் கதையே வேறு: கறுப்பினத்தவரைக் கொண்டு ஒஹாயோவில் திரட்டிய அந்தப் படைதான் பிறகு அமெரிக்கக் கறுப்பினப் படையின் 5-ஆவது ரெஜிமென்ட் ஆனது. 130-களில் தொடங்கி 170-களின் ஆரம்பம் வரையுள்ளவை 1864 மே மாதம் வெறும் 100 நாட்களுக்கு எடுக்கப்பட்டவை. ஆளுநர் ஜான் பிரவ் சுமார் 35,000 பேரை இப்படி அனுப்பினார். அனுபவமுள்ள படைகள் முன்னால் போகட்டும், ரயில்பாதையையும் கோட்டைகளையும் இவர்கள் காக்கட்டும் என்பது ஏற்பாடு. 173-க்கு மேல் போனால் 1864 இலையுதிர் காலத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்குச் சேர்ந்தவர்கள். 1847-ல் பிறந்த ஒருவர் 100 நாள் படையில் இருந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்பது என் ஊகம். ஊகம்தான். எண்ணைப் படிக்கும்வரை அதை மாமனாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கல்லைப் படிக்கச் சுண்ணக்கட்டியோ ஷேவிங் கிரீமோ தடவச் சொல்லி வீடியோக்கள் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள், கல் அரித்துப்போகும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். ஓர் ஆள் உயரக் கண்ணாடியை எடுத்துப்போய், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் கல்லின் மேல் உரசிக்கொண்டு போகிறபடி பிடித்துப் படம் எடுங்கள். நிழல் விழுந்ததும் இலக்கம் எழுந்து நிற்கும். அப்படியும் தெரியாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. தனியார் இடுகாடுகளில் கிடக்கும் வீரர்களுக்கும் அரசே கல் தரலாம் என்று 1879-ல் சட்டம் வந்தது. 1879 முதல் 1903 வரை கொடுத்த கற்களுக்கு ஆளுக்கொரு அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பெயர், ரெஜிமென்ட், கம்பெனி, இடுகாட்டின் பெயர் எல்லாம் இருக்கும். அவர் 1903-க்கு முன் இறந்திருந்தால் அந்த அட்டையிலேயே விடை கிடைக்கலாம்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதை எழுதும்போது எனக்கு மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது, ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளைச் சொன்ன தாத்தாக்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதிய நான்கு செய்திகளும் ஒன்றையொன்று இடிக்கின்றன. ஜார்ஜியாவில் இருந்த ஆண்டர்சன்வில் 1864 பிப்ரவரியில் தொடங்கிய முகாம். ஏறக்குறைய 45,000 பேர் அங்கே அடைபட்டு, 13,000 பேரளவில் செத்தார்கள். ஆனால் அது சாதாரணச் சிப்பாய்களுக்கான முகாம். பிடிபட்ட அதிகாரிகளை மேக்கன் போன்ற வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆக, கேப்டனாக இருந்து பிடிபட்டவர் ஆண்டர்சன்வில்லில் கிடந்திருப்பது மிக அரிது. அடுத்தது, அட்லாண்டா நகரம் 1864 செப்டம்பர் 2-ல் ஷெர்மன் கையில் விழுந்ததும், அவர் வந்து மீட்டுவிடுவாரோ என்று பயந்து முகாமின் பெரும்பாலான கைதிகளை வேறு இடங்களுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கடலை நோக்கிய நடை தொடங்கியது நவம்பர் 15. அதற்குள் விடுதலையாகி, தேறி, படைக்குத் திரும்பி நடந்திருக்க வேண்டுமே! நடக்கவே முடியாதது என்று சொல்ல மாட்டேன். அந்தச் செப்டம்பரில் ஷெர்மனும் எதிர்த்தரப்பு ஜெனரல் ஹூடும் சுமார் 2,000 கைதிகளை மாற்றிக்கொண்டார்கள், அட்லாண்டாப் போர்களில் பிடிபட்டவர்களை மட்டும். உங்களவர் அந்த 2,000 பேரில் ஒருவராக இருந்தால் இரண்டும் உண்மையாகலாம். அந்த ஒரு வாசல்தான் உண்டு.

என் அனுபவத்தில் இப்படி ஒரே ஆளின் மேல் எல்லாம் குவிந்திருக்கும் கதைக்குள் இரண்டு அல்லது மூன்று பேர் இருப்பார்கள். அண்ணன் ஷைலோவில் அடிபட்டிருப்பார், மனைவியின் தம்பி சிறைமுகாமில் இருந்திருப்பார், தம்பி 100 நாள் காவல் நின்றிருப்பார். கடைசியில் நெடுநாள் உயிரோடிருந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர் பெயரில் எல்லாம் சேர்ந்துவிடும். 'கேப்டன்' பட்டமும் பல வழிகளில் ஒட்டிக்கொள்ளும். வயதான பழைய வீரரை ஊரார் மரியாதைக்காகக் 'கேப்டன்' என்று கூப்பிட்டதை எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் தேடும்போது அவர் ஒருவரை மட்டும் தேடாதீர்கள். அண்ணன் தம்பி, மச்சான், அப்பா எல்லாரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரு ரெஜிமென்டில் பத்துக் கம்பெனி, ஒரு கம்பெனிக்கு நூறு பேர். பெரும்பாலும் ஒரே கவுன்டியில் (நம் மாவட்டம் போல), சில சமயம் ஒரே ஊரில் திரட்டியவர்கள். உறவுக்காரர்கள் ஒரே கம்பெனியில் வரிசையாக நிற்பார்கள்.

உங்களவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்க உதவுவதும் அதேதான். 1860 சென்சஸில் அவர் இருந்த வீட்டைக் கண்டுபிடித்து, முன்னும் பின்னும் பத்துப் பக்கம் உள்ள அண்டை வீட்டு இளைஞர்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒஹாயோ மாநிலமே 1886-லிருந்து 1895-க்குள் தன் வீரர்கள் பட்டியலை 12 தொகுதிகளாக அச்சிட்டது. அவை எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. அதில் 100-க்கு மேற்பட்ட ரெஜிமென்டுகளின் எஃப் கம்பெனிகளை மட்டும் புரட்டுங்கள். உங்களவர் பெயரும், அந்தப் பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலைந்து பேர் பெயரும் ஒரே கம்பெனியில் வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பெயர் மட்டும் பொருந்தி, அக்கம்பக்கம் யாருமே பொருந்தாவிட்டால் அது வேறு யாரோ.

ஆனால் 1860 சென்சஸில் எந்த வீடு அவருடையது என்று தெரிய, இன்றைக்கு இருப்பவர்களிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். எல்லாரும் செய்யும் தவறு, நேராகப் போருக்குத் தாவிவிடுவது. மாமனாரின் அப்பா, தாத்தா இவர்களின் இறப்புச் சான்றிதழைப் பாருங்கள். ஒஹாயோவில் 1908 டிசம்பர் 20 முதல் மாநில அளவில் இறப்பைப் பதிவு செய்கிறார்கள், அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர் இருக்கும். அதற்கு முந்தைய இறப்புகள் 1867 முதல் கவுன்டி நீதிமன்றப் பதிவேட்டில் உண்டு. 1900 சென்சஸ் பிறந்த மாதத்தையும் வருடத்தையும் சொல்லும். அந்த வம்சாவளி மரத்தில் உள்ள 1847 சரியா என்று அங்கேதான் தெரியும். 1910 சென்சஸில், வடக்கு அல்லது தெற்குப் படையில் இருந்து உயிரோடிருப்பவரா என்றே ஒரு கேள்வி இருந்தது. அவருடைய வரியின் கடைசிப் பகுதியில் 'யு.ஏ.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் வடக்குத் தரைப்படை. 1890 சென்சஸைத் தேடி நேரம் போக்காதீர்கள். 1921-ல் வாஷிங்டனில் பிடித்த தீயில் அது பெருமளவு கெட்டு, மிஞ்சியதும் பின்னால் அழிக்கப்பட்டு, கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. அதோடு தனியாக எடுத்த முன்னாள் வீரர்கள் பட்டியலும் மாநிலங்களின் ஆங்கில அகரவரிசையில் பாதி கென்டக்கியிலிருந்துதான் மிஞ்சியிருக்கிறது. கென்டக்கிக்குப் பிறகு வருவதால் ஒஹாயோ தப்பியது. உங்களுக்கு அது பெரிய அதிர்ஷ்டம், கட்டாயம் பாருங்கள். ரெஜிமென்ட், கம்பெனி, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ராணுவப் பதிவு. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு தனித்தனிக் கோப்புகள் இருக்கும், இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. முதலாவது சேவைப் பதிவு. இது போர்க்களத்தில் எழுதியது அல்ல. இரண்டு மாதத்துக்கொருமுறை எடுத்த வருகைப் பட்டியல், மருத்துவமனைப் பதிவேடு, கைதிகள் பட்டியல் இவற்றிலிருந்து போர்த்துறை எழுத்தர்கள் பல வருடம் கழித்து ஆளுக்கு ஓர் உறையாக அட்டைகளில் நகலெடுத்தது. எந்தப் போரில் நின்றார் என்று அது சொல்லாது. ஏப்ரல் 30-ல் 'இருந்தார்' என்று போட்டிருந்தால் ஏப்ரல் 30-ல் இருந்தார், அவ்வளவுதான். உயரம், கண்ணின் நிறம், பிறந்த ஊர், தொழில் ஆகியவை சில சமயம் கிடைக்கும். சிறைபட்டிருந்தால் அதற்கென்று தனி அட்டை இருக்கும். ஆண்டர்சன்வில் கதை நிற்குமா விழுமா என்பதை அந்த ஓர் அட்டை தீர்மானித்துவிடும்.

'ஓடிப்போனவர்' என்று ஓர் அட்டையில் கண்டால் உடனே மனம் உடைந்துபோகாதீர்கள். ஒருமுறை எழுபது வயதுக்காரர் ஒருவர் என் மேசைக்கு எதிரே அந்த அட்டையைப் பார்த்துவிட்டு உறையை மூடி எழுந்துவிட்டார். அடுத்த அட்டைகளையும் பார்ப்போம் என்று உட்காரவைத்தேன். அணிவகுப்பின்போது காய்ச்சலில் பின்தங்கியவரை வேறொரு படையின் வண்டி மருத்துவமனைக்கு ஏற்றிப்போயிருந்தது. சொந்தக் கம்பெனிக்குத் தகவல் போகவில்லை. அங்கே ஓடிப்போனவர் என்று எழுதினார்கள், இங்கே டைஃபாய்டில் இறந்தார் என்று எழுதினார்கள். ஆறு வாரம் இடைவெளி. அந்தப் போரில் குண்டில் செத்தவர்களைப் போல இரண்டு மடங்கு பேர் நோயில் செத்தார்கள் என்று படிக்கும்போது வெறும் கணக்கு. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அட்டையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

இரண்டாவது பென்ஷன் கோப்பு. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இதைத்தான் வாங்குங்கள். 1862 சட்டப்படி போரில் ஊனமானவருக்கும், இறந்தவரின் மனைவி, பிள்ளைகள் போன்ற நெருங்கிய குடும்பத்தாருக்கும்தான் பென்ஷன். 1890 ஜூன் 27-ல் வந்த சட்டம் கதவை அகலத் திறந்தது. 90 நாள் சேவை செய்து நல்லபடி வெளியேறியவர், உடலுழைப்பு செய்ய முடியாத நிலைக்கு வந்தால் போதும், அந்தக் குறை போரால்தான் வந்தது என்று காட்டத் தேவையில்லை. 100 நாள் வீரர்களும் அதில் அடங்கிவிட்டார்கள். அரசிடம் பணம் கேட்கிறவர் தான் யார் என்று நிரூபித்தாக வேண்டுமே! கூடப் படுத்துறங்கிய சிப்பாய்கள் சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். நம்மூரில் தியாகி பென்ஷனுக்கு உடன் சிறையிருந்தவர் சான்று கேட்டார்களே, அதே போலத்தான். விதவைகள் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. குடும்ப பைபிளில் பிறப்பு, இறப்பு எழுதிவைத்த பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு, அந்தப் பக்கங்கள் இன்னும் கோப்பிலேயே இருக்கின்றன. 1898-ல் பென்ஷன் அலுவலகம் எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்பி, மனைவியின் முன்னாள் பெயர், திருமணம் நடந்த இடம், உயிரோடுள்ள பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டது. மாமனாரின் தாத்தா பெயர் அந்தத் தாளில் இருந்தால், இந்த வீரர்தான் உங்களவர் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பென்ஷன் அட்டவணையில் இரண்டு வகை உண்டு. ஒன்று பெயர்வரிசை, மற்றது ரெஜிமென்ட், கம்பெனி வரிசை. உங்களுக்கு இரண்டாவதுதான் தேவை. எஃப் கம்பெனி தெரியும், எண் 100-க்கு மேல் என்றும் தெரியும். பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். முழுக் கோப்பையும் கேளுங்கள், சில பக்கங்கள் மட்டும் வாங்காதீர்கள்.

கோப்பு வந்ததும் முதலில் நீங்களோ உங்கள் கணவரோ படித்துவிடுங்கள். அதில் நோய்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கும். வேறு மாநிலத்தில் இன்னொரு மனைவி விண்ணப்பம் போட்டிருப்பது கூட நடக்கும். 85 வயதுக்காரரிடம் எதை முதலில் காட்டுவது என்று உங்களுக்குத்தான் தெரியும். மறைக்கச் சொல்லவில்லை, வரிசையை நீங்கள் முடிவுசெய்யுங்கள் என்கிறேன். மோசஸ் டிரிப்லெட் என்று வட கரோலினாக்காரர் ஒருவர் தெற்குப் படையில் இருந்து ஓடிவந்து, பிறகு வடக்குப் படையில் சேர்ந்தவர். இரண்டு பக்கமும் நின்ற அவருக்கு 83 வயதில் பிறந்த மகள் ஐரீன். உள்நாட்டுப் போரின் கடைசிப் பென்ஷனைப் பெற்றவர் அந்தப் பெண்மணிதான்: மாதம் 73 டாலர் 13 சென்ட். அவர் இறந்தது 2020 மே 31. அந்தப் போர் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. உங்கள் மாமனாரின் தாத்தா அந்த வீரரின் மடியில் உட்கார்ந்தவர், மாமனார் அந்தத் தாத்தாவைப் பார்த்திருக்கக் கூடும்.

அதனால் காப்பகத்துக்கு எழுதுவதற்கு முன்பே மாமனாரிடம் உட்காருங்கள், செல்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். போரைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை அவர் பலமுறை சொல்லிப் பழகியிருப்பார். கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன, அவர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன, எந்தச் சர்ச்சுக்குப் போனார்கள், பண்ணை எந்த ஆற்றோரம், பக்கத்துப் பண்ணை யாருடையது, கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன் இருந்தாரா, அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று கேளுங்கள். அந்தப் பெயர்களையும், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த கல்லின் படத்தையும் இங்கேயே போடுங்கள். எண் 130-க்குக் கீழேயா மேலேயா என்று தெரிந்தாலே அடுத்து எந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.